வன்பென் அக்காவின் சாய அண்டா

"இந்தப் பாவாடை யாருது? எலி நிறத்துலதான் வந்திருக்கு, இன்னொரு கொதி விடணும்!" கத்திக்கொண்டே வன்பென் அக்கா அண்டாவைத் துடுப்பால் கிளறினாள். சாயத்தில் உப்பை அள்ளிப் போடும்போதெல்லாம், குழம்பை ருசி பார்த்தவள்போல் நாக்கைச் சப்புக்கொட்டுவாள். வரிசையில் நிற்கும் சனம் சிரிக்கும்.

பாங்காக்கில் அரண்மனைச் சாலையை ஒட்டிய எங்கள் சந்தில் பூப்போட்ட சட்டை விற்பவள் அவள். மன்னர் இறந்த மறுநாள் கடைகளில் கறுப்புத் துணி ஒரு முழம்கூட மிச்சமில்லை. எழுபது வருடம் ஆண்டவர். எங்களில் பெரும்பாலோர் வேறு மன்னரைக் கண்டதே இல்லை. அக்கா காலை முழுக்க அழுதாள். மதியம் மூக்கைச் சிந்திவிட்டு, அண்டாவைச் சந்துக்கு இழுத்து வந்து அடுப்பு மூட்டினாள். "துணியக் கொண்டாங்க, சும்மாவே கறுப்புச் சாயம் போட்டுத் தரேன்!"

கடை போடும் இடத்துக்காக அவளோடு தினமும் மல்லுக்கு நிற்கும் நூடுல்ஸ்காரர் சோம்போப், கேட்காமலே தண்ணீர் தூக்கினார். "உன் மேல பாசம்னு நினைச்சுக்காத. ராஜாவுக்காகத்தான்."

"அப்ப ராஜாவுக்காக இன்னும் ரெண்டு வாளி தூக்குங்கண்ணே!"

துக்கம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். முன்பின் தெரியாதவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் துணி பிழிந்து, முகத்தில் தெறித்த சாயத்தைப் பார்த்துச் சிரித்ததை அந்த நாட்களில்தான் பார்த்தேன்.

பொதுமக்களை அஞ்சலிக்காக அரண்மனைக்கு உள்ளே விடத் தொடங்கிய அன்று, சுரினிலிருந்து ரயிலேறி பூன்மி என்ற பெரியவர் வந்தார். போட்டிருந்த மஞ்சள் சட்டையைக் கழற்றி நீட்டினார்; பிடியை மட்டும் விடவில்லை. மஞ்சள், மன்னர் பிறந்த திங்கட்கிழமையின் நிறம்.

"ராஜா பட்டத்துக்கு வந்த அறுபதாம் வருஷம் எம் பொஞ்சாதி தைச்சது. அவளும் போயிட்டா. கறுப்பு இல்லாம உள்ள விடமாட்டாங்களாமே?"

அக்கா துடுப்பைக் கீழே வைத்தாள். "இத அண்டாவுல போட எனக்குக் கை வராது பெரியவரே. மடிச்சுப் பையில வைங்க." தன் கடையிலிருந்து செம்பருத்திப் பூச் சட்டை ஒன்றை உருவி அண்டாவில் அமுக்கினாள். பூவெல்லாம் கறுத்தது, பாலியஸ்டர் தையல் நூல் மட்டும் மஞ்சளாகவே நின்றது.

"நூலைப் பார்த்துத் தடுத்துட்டா?"

"'எம் பொஞ்சாதியும் கூட வரா'ன்னு சொல்லுங்க!" என்றாள் அக்கா.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். மொத்தம் இரண்டு பல்.

மாலையில் கண்கள் சிவந்து, முகம் மலர்ந்து திரும்பி வந்தார். "கும்பிட்டுட்டேம்மா. காவக்காரப் பையன் கையப் புடிச்சே கூட்டிட்டுப் போனான்." சொல்லிவிட்டு, கைகூப்பி அவளை வணங்கினார்.

எங்கள் ஊரில் பெரியவர்கள் சின்னவர்களை முதலில் கும்பிடுவதில்லை. அக்கா பதறிப்போனாள். தன் தலை அவர் தலையைவிட உயரத்தில் இருக்கக் கூடாதென்று, சாயத் தண்ணீர் ஓடிய தரையிலேயே மண்டியிட்டாள். அவர் இன்னும் குனிந்தார். அவள் நெற்றி தரையில் முட்டும்வரை குனிந்தாள்.