பன்னிரண்டு பேருக்கும் டெல்லியில் ஒரே மாமா

1. விடைத்தாள் கட்டு

திருச்சியில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவிகளுக்கு ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். மாடல் தேர்வு முடிந்த மறுநாள், ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலத்து நெரிசலில் நசுங்கி, வியர்வையோடு டிபார்ட்மென்ட்டுக்குள் நுழைந்தேன். ஹெச்.ஓ.டி. என் மேஜையில் விடைத்தாள் கட்டை வைத்தார்.

"மேடம், உங்க கிளாஸ்ல பன்னெண்டு பேருக்கு டெல்லியில ஒரே மாமா. அதே மாமா, அதே கார்ல தாஜ்மஹாலுக்குக் கூட்டிட்டுப் போறார். ஒரு கமா மாறல. காப்பி அடிச்சிருக்காங்க. நான் பிரின்சிபாலுக்கு எழுதப் போறேன்."

கேள்வி, 'நான் சென்று வந்த இடம்'. அந்தப் பன்னிரண்டு பேரில் டெல்லி இருக்கட்டும், மதுரையைத் தாண்டியவர்களே குறைவு. அவர் எழுதிவிட்டால் இன்டர்னல் மார்க் பூஜ்யம். செமஸ்டர் எழுத விடமாட்டார்கள். ஒரு வருஷம் போச்சு.

"காப்பி இல்ல சார். எல்லாரும் ஒரே கைடு வாங்கி நெட்டுரு போட்டிருக்காங்க."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சொந்தமா ஒரு பக்கம் எழுத வருமா இவங்களுக்கு? வந்தா விட்டுடறேன்."

"இன்னிக்கு மத்தியானமே உங்க முன்னாடி எழுதுவாங்க சார்."

வாய் முந்திக்கொண்டுவிட்டது.  ஆனாலும் எனக்கு ஒரு குஷி. இந்த மாமாவை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்காது.

நம் பக்கத்தில் கட்டுரை என்றால் ஒப்பிப்பது. பிழை வந்தால் மார்க் போகும், கைடில் பிழை கிடையாது, ஆகவே கைடு. பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் முழுக்க அதற்குத்தானே மார்க் போட்டோம்.

2. போர்ஷனில் இல்லாத தலைப்பு

மத்தியானம் பன்னிரண்டு பேரும் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஹெச்.ஓ.டி. கடைசி பெஞ்சில். நான் போர்டில் எழுதிய தலைப்பு, 'இன்று காலை'.

வையம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் செல்வராணி எழுந்து நின்றாள். "மேம், இது போர்ஷன்லயே இல்லையே."

"உன் காலை போர்ஷன்ல எப்படிம்மா இருக்கும்? என்ன நடந்துச்சு, சொல்லு."

"ஒண்ணும் நடக்கல மேம். ஆடு குட்டி போட்டுச்சு. பஸ் வந்துருச்சு, ஏறிட்டேன். அவ்ளோதான்."

எனக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. அவ்வளவுதானாம்!

"முதல்ல பக்கத்துல இருக்கறவகிட்ட தமிழ்ல சொல்லுங்க. அவ எங்க 'அப்புறம்'னு கேக்கறாளோ, அந்த இடத்தை விடாதீங்க. அப்புறம் இங்கிலீஷ்ல எழுதுங்க. வார்த்தை வரலைன்னா ஒரு கோடு போட்டுட்டு மேல போங்க, நிக்காதீங்க. தப்பு வந்தா வரட்டும்."

வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆனது. ஹெச்.ஓ.டி. நெற்றியைச் சுருக்கினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, பேனா ஓடும் சத்தம் மட்டும் மிஞ்சியது. செல்வராணி தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எழுதுவாள், நிறுத்துவாள், விரலால் காற்றில் எதையோ இழுத்துப் பார்ப்பாள், ஒரு கோடு போடுவாள், மறுபடி எழுதுவாள்.

3. வாசிப்பு

ஒவ்வொருத்தியும் தான் எழுதியதை எழுந்து வாசிக்க வேண்டும் என்றேன். எழுதியதை உரக்கப் படித்தால்தான் எங்கே நொண்டுகிறது என்று காதுக்குத் தெரியும். செல்வராணி தன் முறை வந்தபோது தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கோட் பேபி, ஒன் லெக் ஒன்லி கம். ஹெட் நாட் கம். மை மதர் க்ரையிங். ஐ புட் மை ஹேண்ட்..." இங்கே ஒரு கோடு. நிமிர்ந்து பார்த்தாள். "மேம், ஆடு முக்கறதுக்கு என்ன வார்த்தை?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஹெச்.ஓ.டி. சொன்னார். அதோடு விடாமல் எழுந்து வந்து போர்டில் எழுதினார். குட்டிக்கு ஒரு சொல், பிரசவ வலிக்கு ஒரு சொல். பன்னிரண்டு பேரும் கேட்காமலேயே எழுதிக்கொண்டார்கள். நான் வாரா வாரம் கொடுத்த வார்த்தைப் பட்டியலை இவ்வளவு ஆசையாக யாரும் எழுதியதில்லை.

அவள் தொடர்ந்தாள். ஆடு முக்கும்போது மட்டும் மெல்ல இழுத்தாள். குட்டி வழுக்கிக்கொண்டு மண்ணில் விழுந்தது. அசையவில்லை. வைக்கோலால் தேய்த்தாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். கட்டுரை அங்கே முடிந்தது.



"அப்புறம்?" என்றார் ஹெச்.ஓ.டி. தமிழில். "குட்டி எழுந்துச்சா?"

"தெரியல சார். காலேஜுக்கு போன் கொண்டு வரக்கூடாதுல்ல."

அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். "வீட்டு நம்பர் சொல்லும்மா."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. அவள் அம்மா எடுத்தார். எந்த ஊர்ப் பேராசிரியரும் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டார். "அம்மா, காலேஜ்லேருந்து பேசறேன். காலையில பொறந்த குட்டி எப்படி இருக்கு?"

 "எந்திரிச்சுருச்சுங்க சார். சீம்பால் குடிக்குது. ஏன் சார், எங்க பொண்ணு ஏதும் தப்புப் பண்ணிருச்சுங்களா?"

அவர் தாளைப் பார்த்தார். வரிக்கு வரி தப்பு.

"ஒரு தப்பும் இல்லீங்கம்மா," என்றார்.

பிரின்சிபாலுக்கு இதற்குள் எழுதி வைத்திருந்த கடிதத்தை அவரே கிழித்துப் போட்டார். இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்டுரையைத் திருத்த சிவப்பு மையை எடுப்பதற்கு முன்னால், படித்து முடித்ததும் உங்களுக்கு எதையாவது கேட்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் அந்தப் பிள்ளைக்கு எழுத வந்துவிட்டது, மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.