ஆயுத பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

கல்யாண வீடியோக்களுக்கு ஒலியைச் சரிசெய்து தருவது என் பிழைப்பு. வேங்கிக்கால் வீட்டு மாடியறையில் ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர். அதன் ஹார்ட் டிஸ்க் ஆமை வேகம். எனக்கோ பொறுமை கம்மி. அதனால் ரேமிலேயே ஒரு ஃபோல்டர் அமைத்துக்கொண்டேன். டிஎம்பிஎஃப்எஸ் என்பார்கள். அதில் போட்ட கோப்பு கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். ஆனால் கம்ப்யூட்டர் அணைந்தால் எல்லாம் போய்விடும். வேலை முடிந்ததும் டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். யுபிஎஸ் இருக்கிறது, நான்தான் அணைப்பதே இல்லையே என்ற திமிரில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா வந்தாள். மாமா திடீரென்று இறந்து சில மாதம் ஆகியிருந்தது. திரை உடைந்த அவருடைய போனில் ஒரு குரல் பதிவு. கடைசி நாளில் பம்ப்செட் பக்கத்தில் நின்று அவளுக்காகப் பேசியது. சிக்னல் இல்லாமல் அவளுக்கு வந்து சேராமலே போயிருந்தது. மோட்டார் இரைச்சலில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இரைச்சலை எடுத்துத் தரச் சொன்னாள். பதிவை ரேம் ஃபோல்டரில் இறக்கிக்கொண்டு, இனி போன் தேவையில்லை என்று நான்தான் சொன்னேன். அவள் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாள்.

வேலை பாதியில் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. தொழில் சாமான் எதுவும் அன்று எங்கள் வீட்டில் ஓடக் கூடாது. கம்ப்யூட்டரை நானே அணைத்தேன். தூசி தட்டித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, முன்னால் பொரிகடலையும் வைத்துக் கும்பிட்டேன். பக்தி ஜாஸ்தியான அந்த நேரத்தில் மாமா குரல் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எக்ஸ்சேஞ்ச் கடைக்கு ஓடினேன். பழைய போன்களையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள்.

கீழ்பென்னாத்தூர் போய்ச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படித்தான் கேட்டாள்:

"நீ காதுல மாட்டிக்கினு கேட்ட இல்ல? அவரு இன்னா சொன்னாருன்னு அதையாவது சொல்லுடா."

கேட்டேன்தான், திரும்பத் திரும்ப. ஆனால் என் காது முழுக்க இரைச்சலின் மேலேயே இருந்தது. பேச்சைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

"தெரியலக்கா" என்றேன். தலையாட்டிவிட்டு எனக்குச் சோறு போட எழுந்து போனாள்.

மோட்டார் எந்த இடத்தில் திணறியது, எங்கே மறுபடி சீரானது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன்.