ராகு காலத்துக்கு முன் ஓடிய ஸ்கிரிப்ட்

பாலுசாமி வாயில் "கண்ணு" என்று வந்தால் யாருக்கோ கேடு வரப்போகிறது என்று அர்த்தம். சிங்காநல்லூரில் மில்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்த எங்கள் கம்பெனியின் முதலாளி அவர். நான் அங்கே கணக்கு எழுதினேன். பக்கத்து மேசை கெசியாவுடையது.

கெசியாவின் அப்பா பிரகாசம் அடுத்தவர் தோட்டத்தில் மடை திருப்பி அவளை எம்.சி.ஏ. படிக்க வைத்தவர். பஞ்சு உள்ளே வருவதிலிருந்து நூல் மூட்டை வெளியே போகிற வரைக்கும் மில்லைக் கட்டி ஆளும் அந்த புரோகிராமில் முக்கால்வாசி அவள் எழுதியது. தொண்ணூற்றெட்டில் ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு அது பிடித்துப்போயிற்று. எந்த வரியை யார் எழுதினார் என்று கம்ப்யூட்டரில் கிடக்கும் பதிவைப் பார்த்து, அதிகம் எழுதியவரை ஜெர்மனிக்கே வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

"அப்பாவ இனி மம்பட்டி புடிக்க உடமாட்டனுங்க்கா" என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள் கெசியா.

எங்கள் பதிவெல்லாம் ஆர்.சி.எஸ். என்கிற பழைய பதிவு சாஃப்ட்வேரில் கிடந்தது. ஜெர்மன்காரர்கள் அதைவிடப் புதிதான சி.வி.எஸ்.ஸில் கேட்டார்கள். மாற்றுவதற்கு ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராமை எழுதியவன் முதலாளியின் அக்கா மகன் தமிழ்ச்செல்வன். சரிபார்ப்பது கெசியாவின் வேலை.

வெள்ளிக்கிழமை காலை. கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, வாழைப்பழத்தில் ஊதுவத்தி. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் ஓட்டியாக வேண்டும். ஸ்கிரிப்டே பத்து மணிக்குத்தான் அவள் கைக்கு வந்தது. படித்தவள் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க தம்பி, இது பழைய மாத்தத்தயெல்லாம் எடுத்து மறுக்கா புதுசாட்டப் போடுதுங்க. ஓட்டறவங்க பேருலதான் அத்தனையும் உழுகும். எழுதுனவங்க பேரு போயிருமுங்க."

"அட ஆமாங்க்கா! அப்பறம் திருத்திப்போடலாமுங்க. பழசு எங்க போகுது?" என்று இளித்தான் தமிழ்ச்செல்வன்.

பாலுசாமி கையில் தேங்காயோடு நின்றார். "நேரம் தாண்டுது கண்ணு. பாத்தாச்சு, சரின்னு இந்தத் தாள்ல கையெழுத்துப் போடு. பொழுதுக்குள்ள திருத்திக்கலாம். எம்மேல நம்பிக்கை இல்லியா அம்மணி?"

பெரியவர் நேரம் பார்த்துத் தேங்காயை ஓங்கி நிற்கும்போது நிறுத்துங்கள் என்று இந்த ஊரில் எவள் சொல்வாள்? அதுவும் சர்ச்சுக்குப் போகிறவள் சொன்னால் வேறு வினையே வேண்டாம். போட்டாள். தேங்காய் உடைந்தது. தமிழ்ச்செல்வன் தன் பேரில் உள்ளே போய் ஓட்டினான்.

சாயங்காலம் திருத்தப் போனால், பழைய கம்ப்யூட்டரை மத்தியானமே துடைத்து எடுத்துவிட்டார்கள். பேக்கப் டேப்பைக் கேட்டாள். "அதுலயும் வேற ஏத்தியாச்சு கண்ணு" என்றார் முதலாளி. பாவி!

ஜெர்மன்காரர்கள் வந்து திறந்து பார்த்தார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தமிழ்ச்செல்வன். கெசியா வாயைத் திறப்பதற்குள் பாலுசாமி அந்தக் கையெழுத்தை எடுத்து நீட்டினார். "நீதான கண்ணு சரின்னு போட்ட?" குரல்கூட உயரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ அன்னைக்கே சொன்னாளுங்க, நாங் கேட்டனுங்க!" என்று கத்தினேன்.

"நீங்க கணக்கப் பாருங்க அம்மணி."

தமிழ்ச்செல்வன் விமானம் ஏறினான். அடுத்த மாதமே அங்கிருந்து போன். நூல் எடை தப்பாக வருகிறதாம், அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாலுசாமி கெசியாவிடம் வந்து நின்றார். "அவம் பேருலயே உள்ள போயி சரிபண்ணிரு கண்ணு. அவஞ் செஞ்சாப்பல இருக்கட்டும்."

அவர் போனதும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரிச்சு வாடி! இந்த வேலையத் தூக்கி அவன் மூஞ்சில வீசு!"

"அப்பா மக ஜெர்மனி போறான்னு சொல்லித் தோட்டத்து வேலைய உட்டுப்போட்டாருங்க்கா" என்றாள். "நேத்து திரும்பப் போயி கேட்டிருக்காரு. ஏன், ஜெர்மனில மம்பட்டி இல்லியான்னு கேட்டுச் சிரிச்சு அனுப்பிட்டாங்களாம். இதையும் உட்டுப்போட்டு நா எங்க போறதுங்க்கா?"

திரும்பி உட்கார்ந்து, தமிழ்ச்செல்வன் பெயரைத் தட்டி உள்ளே போனாள்.