மதலேனம்மாளைச் சுமந்த தூம்பா

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் வரும் கிராமத்தில் சவரிராயன் இருபத்திரண்டு வருஷம் உபதேசியாராக இருந்தார். சாமியார் மாதம் இரண்டு முறைதான் பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும், சாவு வீட்டுக்கு ஓடுவதும் அவர் வேலை.

கோயிலில் ஊர்க்காரர்கள் வலப்பக்கம் உட்காருவார்கள், காலனிக்காரர்கள் இடப்பக்கம். நடுவில் கம்பித் தடுப்பு. சவப்பெட்டியைத் தூக்கிப்போகும் தூம்பாகூட ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. சவரிராயன் ஊர்க்காரர். இதில் தப்பு இருப்பதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

1984-இல் வந்த புதுச் சாமியார் தடுப்பைப் பிடுங்கினார். ஊர்த் தூம்பாவைச் சாமான் அறையில் பூட்டி, சாவியைச் சவரிராயனிடம் கொடுத்தார். "காலனித் தூம்பா உறுதியா இருக்கு. இனிமே எல்லாருக்கும் அதுதான்" என்றார். கூட்டத்தில் எழுந்து முதலில் எதிர்த்தவர் சவரிராயன்தான்.

"ஜனங்க மனசு மாறட்டும் சாமி. அவசரப்பட்டா கோயிலே ரெண்டாப் போயிடும்."

சாமியார் கேட்கவில்லை. பன்னிரண்டு குடும்பங்கள் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டன.

மறு வருஷம் சித்திரையில் சவரிராயனின் மனைவி மதலேனம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்தாள். மூன்று மணிக்கு அடக்கம். சாமியார் நேரே கல்லறைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். சவரிராயனை அவர் தம்பி ராயப்பன் தனியே அழைத்தான்.

"சாமான் ரூம் சாவியக் குடுண்ணே. அண்ணிய நம்ம தூம்பாவுல கொண்டுபோவோம். சாமியார் கேட்டா நான் பாத்துக்கறேன்."

சவரிராயன் மறுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு அவரே கோயிலுக்கு நடந்தார். அறையைத் திறந்தால், தூம்பாவின் ஒரு கால் உளுத்துத் தொங்கியது. கூட வந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கயிறு கட்டலாம் என்றான் ஒருவன். கட்டிலில் வைத்துத் தூக்கலாம், காலனிக்காரன் தொட்டதில் மட்டும் வேண்டாம் என்றான் இன்னொருவன். யாரோ ஏதோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

வெயில் கொளுத்தியது. வீட்டில் அவள் உடம்பு காலையிலிருந்து கிடக்கிறது. அந்தச் சிரிப்புதான் அவருக்குத் தாங்கவில்லை. அறையைப் பூட்டினார். கோயில் வாசலில் காலனிக்காரர்களோடு நின்றிருந்த இன்னாசியிடம் போனார்.

"இன்னாசி, உங்க தூம்பாவ எடுத்துக்கினு வா. நாலு பேரு வேணும்."

இன்னாசி அசையவில்லை. "வாணாம் உபதேசியாரே. நாளைக்கு எங்களுக்குத்தான் வேலை இல்லன்னுவாங்க."

"மூணு பேரு போதும். ஒரு பக்கம் நான் பிடிக்கறேன்."

அதற்குமேல் இன்னாசியால் மறுக்க முடியவில்லை. ராயப்பன் தெருமுனைவரை வந்தான். "அண்ணே, இன்னியோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். ஊர்க்காரர்களில் நாலைந்து கிழவிகள் மட்டும் கல்லறைவரை வந்தார்கள். தூம்பாவைச் சுமந்துகொண்டு நடக்கும்போது சவரிராயனுக்குப் பெருமையாக இல்லை. பயமாக இருந்தது.

இன்னாசி சொன்னது அப்படியே நடந்தது. வேர்க்கடலை பிடுங்க அந்த மூன்று வீட்டாரை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் அவலூர்பேட்டைப் பக்கம் கூலிக்குப் போனார்கள். சவரிராயனின் மகள் அமலிக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தமும் முறிந்தது.

"அம்மாவ அனுப்பிவெச்சிட்டீங்க. என்னை இன்னா பண்ணப் போறீங்க நைனா?" என்று அவள் கேட்டாள். அவள் தையல் கற்று, செஞ்சியில் ஒரு கடையில் சேர்ந்தாள். தினமும் காலை பஸ்ஸில் போய் இரவு வந்தாள். அப்பாவோடு பேசுவது குறைந்துபோயிற்று.

மழைக்காலத்தில் ஊரில் இன்னொரு சாவு விழுந்தது. அந்த வீட்டார் வந்து, ஊர்த் தூம்பாவின் காலைச் சரிசெய்துகொள்வதாகச் சொல்லிச் சாவியைக் கேட்டார்கள். சவரிராயன் தர மறுத்தார்.

"சாமியார் உத்தரவா?" என்று கேட்டார்கள்.

"இல்ல. நான்தான் குடுக்கமாட்டேன்" என்றார். மாலைவரை காத்திருந்துவிட்டு அவர்களும் பொதுத் தூம்பாவிலேயே கொண்டுபோனார்கள்.

1988-க்குள் ஏழு குடும்பங்கள் பூசைக்குத் திரும்பின. மற்றவர்கள் வரவேயில்லை. ராயப்பன் எதிரில் வந்தால் சைக்கிளை வேறு தெருவில் திருப்பிக்கொள்வான். சவரிராயன் அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், கூப்பிடமாட்டார்.