உருளைக்கிழங்கு வேகும் வாசனை

அவித்த உருளைக்கிழங்கைச் சூடு ஆறுவதற்குள் இரண்டாகப் பிட்டால், எழுகிற ஆவியில் மண்ணும் மாவும் கலந்த ஒரு வாசனை இருக்கும். சென்ற மாதம் நான் அதைத்தான் படமெடுத்தேன். ஆரோவில்லில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்; சனிக்கிழமைகளில் அங்கே நடக்கும் புகைப்பட வகுப்பில், ஏதாவது ஒரு வாசனையை, ஆள் இல்லாமல், பொருளை மட்டும் வைத்துக் கருப்பு வெள்ளையில் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் காப்பிக்கொட்டை, மல்லிகைச் சரம் என்று எடுத்து வந்தார்கள். நான் ஓர் அலுமினியத் தட்டில் தோல் வெடித்த மூன்று கிழங்குகளை வைத்து, ஆவிக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் விழும்படி, சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பசிக்கிறது என்றார்கள். எனக்கோ எடுக்கும்போதே பாதம் கூசியது; கால்களை நாற்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் பட்டனை அழுத்தினேன்.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் கரையின் கடைசியில் இருந்தது எங்கள் வீடு. அப்பா உப்பு லாரி ஓட்டினார். மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை இருக்காது. வேறு லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விடுவார், பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் அம்மா, நான், நான்கு வயதுத் தம்பி அந்தோணி. எனக்கு ஒன்பது வயதான அந்த ஐப்பசியில் பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. வளைகளில் நீர் புகுந்துவிட்ட பாம்புகளுக்கு, எங்கள் வீடு இருந்த மேடு ஒன்றுதான் மிச்சம். பொழுது சாய்ந்தபின் அதன் பெயரைச் சொல்லக்கூடாது, "பூச்சி" என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. உருளைக்கிழங்கு வேகும் வாசனை வந்தால் பக்கத்தில் எங்கோ "பூச்சி" கொட்டாவி விடுகிறது என்று, ஞாயிறு பூசைக்கு வரும் பெண்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாசனை தினமும் வந்தது. தண்ணீரின் சாம்பலும் வானத்தின் சாம்பலும் ஒன்றாகி, அந்தோணியின் சிவப்புச் சட்டைகூடக் கறுப்பாகத் தெரிகிற நேரத்தில், பின்பக்க ஜன்னல் வழியாக மெல்ல உள்ளே ஏறும். கிழங்கு வேகவைக்கப் பக்கத்தில் வீடே கிடையாது. பொருள்களில் இருந்து நிறம் போன பிறகு வருகிற வாசனை அது; அதனால்தானோ என்னவோ கருப்பு வெள்ளைப் படத்தில் அதைப் பிடிக்க முடிந்தது. வாசனை வந்ததும் அம்மா எங்களைக் கட்டிலில் ஏற்றிவிடுவாள். சாப்பாடு அங்கேயே, படிப்பு அங்கேயே, அந்தோணிக்கு ஒன்றுக்கு வந்தால் பழைய பால்பவுடர் டின். அவள் மட்டும் டார்ச்சும் கம்புமாக இறங்கி, தட்டித் தட்டி, பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைப்பாள். பூண்டை இடித்துக் கரைத்து வீட்டைச் சுற்றித் தெளித்தாள். மறுநாளும் வாசனை வந்தது. நான் வாயால் மூச்சு விடப் பழகிக்கொண்டேன்.

கடைசியில், ஒரு சாயங்காலம், பாம்பு பிடிக்கும் கன்னியம்மாவை அம்மா அழைத்து வந்தாள். அந்த அம்மாள் ஜன்னல் அருகே ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்தார். பிறகு வீட்டின் பின்னால் போய், புதராய் மண்டியிருந்த ஒரு செடியில் சின்னக் கிளையை ஒடித்து அம்மாவின் கையில் கொடுத்தார். கடுகளவு பூக்கள். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"பூலாச்செடிம்மா இது. பொழுது சாஞ்சா இதோட பூவு இப்டிதான் வாசம் அடிக்கும்," என்றார் கன்னியம்மா. "பூச்சிக்கு வாசமே கெடையாது."

அம்மா பல நாள் கழித்து அன்றைக்குச் சிரித்தாள். எங்களைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டாள். அந்தோணி வீடெல்லாம் ஓடினான். நான் மட்டும் மறுபடி கட்டிலில் ஏறிக்கொண்டேன். வாசமே கிடையாது என்றால், வந்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதை அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. அவள் சிரிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன்.

நான்காம் நாள் காலையில், நல்ல வெளிச்சத்தில், அம்மா விறகடுக்கில் கைவிட்டாள். ஒரு சத்தமும் இல்லை. உள்ளே வந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். வலது கை விரல்களில் இரண்டு புள்ளியாக ரத்தம். அந்தோணியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பாய் கடைக்கு ஓடு. பூச்சி தொட்டுச்சின்னு சொல்லு. நில்லாம ஓடு," என்றாள். காலை நேரத்திலும் அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

ரோட்டோரத்தில் இருந்த பாயின் டீக்கடை வரை அந்தக் கரைமேல் ஓடினேன். இருபக்கமும் தண்ணீர், வழியெல்லாம் ஈரப்புல். பாதம் வைத்த ஒவ்வொரு இடத்திலும் அது இருந்தது போலவே இருந்தது. பாய் கேள்வி எதுவும் கேட்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்; நான் பின்னாலேயே ஓடினேன். அவர்களுக்கு நடுவில் அம்மாவை உட்காரவைத்தபோது அவளுடைய இமைகள் தாமாகவே மூடிக்கொண்டிருந்தன. மரக்காணத்தில் ஊசி போட்டு, அங்கிருந்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானும் அந்தோணியும் பாய் வீட்டில் இருந்தோம். அவர் மனைவி சோறு ஊட்டியபோதெல்லாம், "அம்மா செத்துட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறேன். எட்டு நாள் கழித்து அம்மா வந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் அதன்பின் மடங்கவே இல்லை.

அதற்குள் அப்பா வந்து, வீட்டைச் சுற்றி இருந்த அத்தனையையும் வெட்டிச் சாய்த்திருந்தார். பூலாச்செடியின் அடிக்கட்டை மட்டும் நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஏங்க வெட்னீங்க? அந்த வாசன பயம் காட்டுன வரைக்கும் நான் கீழ பாத்துதான் கால வெச்சேன்."

வாசனை இல்லாத அந்தச் சாயங்காலங்களில்தான் நான் முன்பைவிட அதிகம் பயந்தேன். தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு, கீழ்புத்துப்பட்டில் ரோட்டோர வீட்டுக்கு வந்தோம்.

போன வாரம், இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு, அந்தக் கரைக்குப் போனேன். எங்காவது ஒரு பூலாச்செடி தழைத்திருந்தால் அதையும் படமெடுக்கலாம் என்று எண்ணம். வீடு இருந்த மேட்டைச் சமப்படுத்தித் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். சிமெண்டுத் தரை, வெட்டிச் சீராக்கிய புல், பத்தடிக்கு ஒரு விளக்கு. விளக்குகளால் அங்கே இப்போது அந்தச் சாம்பல் நேரமே வருவதில்லை. "செடிகொடி எல்லாம் மருந்தடிச்சி கிளீன் பண்ணிட்டாங்க மேடம். பயப்படாம நடங்க," என்றார் காவலாளி.

அப்போது அம்மா போன் செய்தாள். எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன்.

"செடி இருக்குதா?"

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அங்க நிக்காத," என்றாள். "வந்துடு."