மஞ்சள் ரீசேட் குடும்பம்

என் தங்கச்சி புஸ்பத்தின் புருசன் கோணாமலையைப் பற்றிச் செட்டிபாளையத்தில் யாரைக் கேட்டாலும் நல்ல மனிதன் என்றுதான் சொல்வார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளையும் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு முகாம் முகாமாகப் போய்த் தொண்டு செய்தவன் என்பார்கள். சொல்லட்டும். ஊர் கலண்டரில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். எனக்கு அவனை நினைத்தாலே வயிறு எரிகிறது.

உன்னிச்சைப் பக்கத்து வயற்காரக் குடும்பத்தில் பிறந்தவன் அவன். எங்களூர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சராக வந்தான். அரிசி நிறுக்கும்போது தராசைப் பார்க்கமாட்டான். வாங்க வந்தவர் தன்னைப் பார்க்கிறாரா என்றுதான் பார்ப்பான். யாரைக் கண்டாலும் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்பான். அந்தக் குனிவில் எங்கள் அப்பா மயங்கிப்போனார். புஸ்பத்தைக் கட்டிக்கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பெரிய பிள்ளையானதும் தகப்பனும் அண்ணன் தம்பிமாரும் அவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். வீடு முடிந்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை தன் உடுப்புகளோடு வந்து அவளுடைய வீட்டில் இருப்பான். அவளுக்கு மகள் பிறந்தால் பிறகு அது மகளுக்குப் போகும். ஆண்பிள்ளைக்கென்று வீடு கிடையாது. நான் மேசன். பகலில் ஊரானுக்குக் கட்டிவிட்டு, பொழுதுபடும் நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பாவோடு சேர்ந்து புஸ்பத்தின் வீட்டைக் கட்டினேன். அது முடிந்து அவள் கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பூரணத்தைக் கட்டி அவளுடைய வீட்டுக்குப் போனேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

கோணாமலைக்கு மட்டும் அது உறுத்தியது. வந்தவர்கள் "வீடு நல்லா இரிக்கு புஸ்பம்" என்று சொன்னால் போதும், முகம் கறுத்துவிடும்.

"பொஞ்சாதிட வீட்டில ஆம்பிள என்னத்த மச்சான், வாடகைக்கு இரிக்கிற ஆள்தானே," என்று என்னிடம் ஒருமுறை சொன்னான்.

வாடகை தந்தவன் மாதிரித்தான் பேச்சு. ஒரு கதவுக்குக் கொண்டி போட்டிருப்பானா அந்த மனிதன்?

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழியில் கடல் வந்தபோது அவர்கள் உன்னிச்சையில், அவனுடைய தமக்கை வீட்டில் இருந்தார்கள். அதனால் உயிர் தப்பினார்கள். வீடு தப்பவில்லை. அத்திவாரமும் கிணற்றுக் கட்டும்தான் மிச்சம். புஸ்பம் அந்த அத்திவாரத்தில் குந்தியிருந்து அழுதாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். கோணாமலை அழவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். எனக்கென்னவோ அவன் முகத்தில் ஒரு இளைப்பாறல் தெரிந்தது. என் கண் பொல்லாத கண் என்று பூரணம் சொல்வாள். இருக்கட்டும்.

பள்ளிக்கூட முகாமுக்குப் போனதும் அவனுக்குப் புது உயிர் வந்துவிட்டது. உதவி கொண்டுவந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வெள்ளைக்காரப் பெண், புஸ்பத்தின் மகள் துஷாந்தினி பக்கத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதைக் கண்டு படம் எடுத்தாள். அவ்வளவுதான். மறுநாளே கோணாமலை குடும்பத்தை வரிசையில் நிறுத்திவிட்டான். முன்னால் அவன், பின்னால் புஸ்பம், அவளுக்குப் பின்னால் ஆறு வயது துஷாந்தினி, கடைசியில் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு சின்னவன் ஜனுஷன். அந்த நிறுவனம் நாலு பேருக்கும் மஞ்சள் ரீசேட் கொடுத்தது. முதுகில் "அன்புக் குடும்பம்" என்று அடித்திருந்தது. சின்னவனுடையது முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

அவர்களும் முகாமில் இருந்தவர்கள்தான், அவர்களுக்கும் வீடில்லை. ஆனால் அந்த ரீசேட்டைப் போட்டதும் கோணாமலை அகதி இல்லை என்றாகிவிட்டான். சாமான் வாங்க வரிசையில் நிற்கும் சனத்துக்கு, "தள்ளாதீங்க, எல்லாருக்கும் இரிக்கு" என்று கையை உயர்த்திச் சொல்வான். நேற்றுவரை அதே வரிசையில் நீட்டிய கை.

பிஸ்கட் கொடுத்த அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சின்னத்தங்கம் என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஒரே மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. துஷாந்தினியோடு ஒரே வகுப்பில் படித்த பிள்ளை. அவளிடம் போய் என் மருமகள் துஷாந்தினியைக் கொண்டு பிஸ்கட் பைக்கட்டை நீட்டவைக்கிறான் இந்த மனிதன். உலகத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லையா? சின்னத்தங்கம் பைக்கட்டை வாங்கவில்லை. பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கத்தவுமில்லை, அழவுமில்லை, அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துஷாந்தினி பயந்து தகப்பனைத் திரும்பிப் பார்த்தது. தகப்பன் படம் எடுப்பவளைப் பார்த்துக்கொண்டு, "சிரி மகள், சிரி" என்கிறான்.

புஸ்பம்தான் ஓடிப்போய் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். அந்தப் படம் பிறகு நிறுவனத்தின் கலண்டரில் வந்தது. எல்லோரும் அழகான படம் என்றார்கள்.

கடலோரத்தில் இனிக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னபடியால், அந்த நிறுவனம் வாவிப் பக்கமாக உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்டியது. யார் பேரில் கொடுப்பது என்று கேட்டுக் கூட்டம் வைத்தார்கள். குடும்பத் தலைவர் பேரில் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தோணிக்கார நல்லரத்தினம் எழும்பினார்.

"ஐயா, வீடு பொம்புளைக்குத்தான். என்ட பேரில எழுதினா என்ட மாமியார் என்னக் கொன்று போடுவா," என்றார்.

கூட்டம் சிரித்தது. கடலுக்குப் பிறகு அவ்வளவு பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். நிறுவனத்தாரும் விளங்கிக்கொண்டு, அவரவர் விருப்பப்படி சொல்லலாம் என்றார்கள். பெரும்பாலானவர்கள் பெண்சாதி பெயரைச் சொன்னார்கள். கோணாமலை மஞ்சள் ரீசேட்டோடு முன்னால் போய் நின்று ஒரு பிரசங்கம் வைத்தான். பழைய வழக்கங்களைக் கடல் கொண்டுபோய்விட்டதாம். குடும்பத்தின் பாரத்தைச் சுமப்பவன் பேரில்தான் வீடு இருக்க வேண்டுமாம். சுமந்த தோளைப் பார்த்தேன். பிஸ்கட் பெட்டியைக்கூட அந்தத் தோள் சுமக்கவில்லை, அதையும் புஸ்பம்தான் சுமந்தாள்.

"நீ ஒண்டும் சொல்லல்லியா?" என்று அவளிடம் கேட்டேன்.

"சனத்துக்கு முன்னால எப்படி அண்ண? இதென்ன, அவர் வீட்டத் தலையில தூக்கிக்கொண்டா போகப்போறார்," என்றாள்.

வீடு அவன் பேரில் ஆனது. குடிபுகுந்ததும் அவன் செய்த முதல் வேலை, வாசற் சுவரில் "கோணாமலை இல்லம்" என்று பெயின்டால் எழுதியது. அத்தனை வருசமும் அவனுக்குள் கிடந்து வெந்தது அந்த நாலு அங்குல எழுத்தில் ஆறியது. பாவம் என்று நினைக்க வேண்டும்போல் ஒரு கணம் இருந்தது. நினைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் சண்டை மூண்டு, மேற்குக் கரையான படுவான்கரைச் சனம் வாவியைத் தாண்டி ஓடிவந்தது. மஞ்சள் ரீசேட்டுகள் மறுபடியும் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பெரிய அளவில் புதிது அடித்தான். புஸ்பம் விடியமுன் எழும்பிச் சோறு காய்ச்சுவாள். பார்சல் கட்டுவாள், பாத்திரம் கழுவுவாள். அவன் பிள்ளைகளோடு போய்ப் பார்சல்களைக் கொடுப்பான். ஜனுஷனுக்குக் காய்ச்சல் என்றாலும் விடமாட்டான். சின்னப் பிள்ளை நின்றால்தான் சனத்தின் மனம் உருகுமாம். ஓடிவந்தவர்களில் அவனுடைய தமக்கையும் இருந்தாள். கடல் வந்த அன்று அவர்களுக்குச் சோறு போட்டவள். அவளைக்கூடத் தறப்பாள் கூடாரத்தில்தான் விட்டான். சொந்தக்காரருக்குச் செய்தால் அது தொண்டு ஆகாது என்று என்னிடமே விளக்கம் சொன்னான். புஸ்பம் அவனுக்குத் தெரியாமல் மச்சாளுக்குச் சோறு அனுப்பினாள்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் யுத்தம் முடிந்தது. வன்னிச் சனத்துக்கு என்ன நடந்தது என்று கேட்கவே பயமாக இருந்த காலம். ஊரில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. கோணாமலை பேசினான். அநாதையான பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று பிரதேசத்துச் சங்கங்கள் கூடி ஒரு கூட்டம் வைத்தன. குடும்பத்தோடு மேடையேறினான். துஷாந்தினிக்குப் பதினொரு வயது. அந்த ரீசேட்டைப் போட அதற்கு வெட்கம், துவாயால் போர்த்திக்கொண்டு நின்றது.

மைக்கைப் பிடித்தவன், தன் வீட்டை அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமாகக் கொடுக்கிறேன் என்றான். தானும் குடும்பமும் பின்பக்கத்துச் சமையல் குசினியில் எளிமையாக வாழப்போகிறோம் என்றான். பெண்சாதியும் பிள்ளைகளும் மனம் நிறைந்து சம்மதித்தார்கள் என்றான்.

கீழே இருந்த நான் புஸ்பத்தைப் பார்த்தேன். அவளுக்கு அது அப்போதுதான் தெரியும். வாய் திறந்தபடி நின்றாள். சனம் கைதட்டியது. யாரோ மாலை கொண்டுவந்து அவன் கழுத்தில் போட்டார்கள். அவன் அதைக் கழற்றிப் புஸ்பத்தின் கழுத்தில் போட்டான். சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

அன்று பின்னேரம் புஸ்பம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வந்தாள். எங்கள் ஊரில் சண்டை வந்தால் வீட்டை விட்டுப் போகிறவன் ஆண்பிள்ளை. பெண் போனதை நான் அதுவரை கண்டதில்லை. எங்கே போவாள்? எங்கள் படலை வாசலில் வந்து நின்றாள். "உள்ளே வா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது என் வீடு இல்லையே. பூரணத்தைத் திரும்பிப் பார்த்தேன். பூரணம் என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என்னத்தப் பாக்கிறீங்க? மச்சாள்ர கையில இரிக்கிற பேக்க வாங்குங்க," என்றாள்.

பூரணமே தன் வளவில் ஒரு மூலையைக் காட்டி, துஷாந்தினிக்கு அங்கே அத்திவாரம் வெட்டச் சொன்னாள். ஐம்பதைத் தொடும் வயதில், நாரி நோவோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினேன்.

கோணாமலையின் இல்லத்துக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. பார்க்க வந்த அதிகாரிகள், பிள்ளைகளுக்குச் சமைப்பது யார், குளிக்க வார்ப்பது யார், சுகமில்லையென்றால் பக்கத்தில் படுப்பது யார் என்று கேட்டார்களாம். கொடுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு பானை உலை வைக்கத் தெரியாது.

அதன் பிறகுதான் எங்களிடம் வந்தான். புஸ்பம் பாய் போட்டுச் சோறு போட்டாள். எனக்கு அவளோடும் கோபம் வந்தது. வாவி இறால் குழம்பு. உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டான்.

"புஸ்பத்த அனுப்பி வையுங்க மச்சான். அநாதப் புள்ளையள் பாவம், அதுகளப் பாக்க ஆள் இல்ல," என்றான்.

"வாறன்," என்றாள் புஸ்பம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எத்தின புள்ளையள் எண்டாலும் பாக்கிறன். வீட்ட மட்டும் மகள்ர பேருக்கு எழுதுங்க. அவள்ர வீட்டில வைச்சே அதுகளயும் வளக்கிறன்."

துஷாந்தினி கதவு நிலையில் சாய்ந்து நின்றது. கோணாமலை அதைப் பார்க்கவில்லை.

"அதெப்படி? சபைக்கு முன்னால குடுத்த வீடு. அதச் சொந்த மகளுக்கு எழுதினா ஊர் சிரிக்கும். சொந்தப் புள்ளைக்குச் செய்யிறதில என்ன தொண்டு இரிக்கு?"

நான் எழும்பினேன். புஸ்பம் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னாள்.

"அப்ப ஒண்டு கேக்கிறன். நானும் நீங்களும் செத்து, இதுகள் ரெண்டும் தாய் தகப்பன் இல்லாம நடுத்தெருவில நிண்டா, அந்த வீட்டில இடம் இரிக்குமா?"

அவன் கையில் எடுத்த கவளத்தோடு யோசித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"ஓம், ஓம். அப்பிடியெண்டாக் கட்டாயம் இரிக்கும். முதல் இடமே அதுகளுக்குத்தான்," என்றான்.

புஸ்பம் குனிந்து, அவனுக்கு முன்னால் இருந்த சோற்றுத் தட்டை எடுத்தாள். அதில் பாதிச் சோறு இருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.