குருவாசிச் சாமிக்கு அடிக்காத துக்க மணி

மதுரையிலிருந்து அஞ்சலட்டை வந்தபோது நம் சாமியை அடக்கம் செய்து ஆறு நாள் ஆகியிருந்தது. அயல்நாட்டுக் குருவானவர் ஆஸ்பத்திரியில் காலமானார், செபிக்கவும் என்று இரண்டே வரி. பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்கள். இருபது வருடம் நம்மோடு கிடந்த மனிதர்.

உபதேசியார் அட்டையைப் படித்துவிட்டு, "அண்ணே, துக்க மணி அடிச்சிருவமா?" என்றார். நான் கூடாது என்றேன். அன்றிலிருந்து ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. பூசைப் புத்தகத்தைப் பார்த்து நானே பழகியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்த மறுவருடம், மீன்பாடு இல்லாமல் தெற்கேயிருந்து இந்தத் தீவுக்கு வந்தோம். வந்த நான்காம் மாதம் எங்கள் அய்யா செத்தார். இங்கிருந்த பழைய கோயிலில் துக்க மணி அடிக்கச் சொல்லிக் கேட்கப் போனேன். "வந்தேறிக்கு மணி ஒரு கேடா?" என்றான் கயிறு பிடிக்கிறவன். மணி இல்லாமலே அய்யாவைத் தூக்கிப் போனோம். பெட்டிக்குப் பின்னால் வெள்ளை அங்கியோடு ஒருவர் தனியாக நடந்து வந்தார். மதுரையில் கொஞ்சம் தமிழ் படித்துவிட்டு, அந்தக் கோயிலுக்கு உதவிச் சாமியாராக வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்.

கல்லறையில் என் அத்தை அவரிடம், "சாமிக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"குரோவாசியா. அங்க ஆட்சி மாறிருச்சு, இனி போக முடியாது."

"குருவாசியா? நல்ல பேருதான்" என்றாள் அத்தை. அவர் திருத்தவில்லை. என் தோளில் கை வைத்து, "நானும் வந்தேறிதான். நமக்கு ஒரு கோயில் கட்டுவோம்" என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கட்டினார். நாங்கள் கடலுக்குள் இறங்கிப் பவளக்கல் பெயர்த்து வந்தோம். அவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று சுமந்தார், தோலெல்லாம் புண். எங்களிடமிருந்து கற்ற பேச்சில் 'ஏலே' என்பதை மரியாதைச் சொல் என்று எண்ணிக்கொண்டிருந்தார். இடம் பார்க்க வந்த தாசில்தாரை, "வாலே, உக்காருலே" என்று உபசரித்தார். தாசில்தார் சிரித்ததால் பிழைத்தோம்.

மணி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அவருடைய சிற்றப்பா இரும்பாலையில் வேலை பார்த்தார். பிழைக்கப் போன அவர் நாட்டாருக்கு அங்கேயும் நம் கதிதான்: ஊர்க்காரர் கோயிலில் கடைசிப் பெஞ்சு, புரியாத மொழியில் பிரசங்கம். ஆலை வேலை முடிந்து வந்து தாங்களே செங்கல் சுமந்து தனிக்கோயில் கட்டினார்களாம். பிற்பாடு பெரிய மணி வாங்கியதும், முதல் மணி மூலையில் கிடந்தது. சாமி அதைக் கேட்டு எழுதினார். ஒன்றரை வருடம் கழித்துத் தூத்துக்குடியிலிருந்து தோணியில் வந்து இறங்கியது. விளிம்பில் இருந்த எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டேன்.

"வந்தவங்க வாங்குனதுன்னு போட்டிருக்குலே" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள்.

அதன் பிறகு நம்மில் யாரும் மணி இல்லாமல் போகவில்லை, என் மகன் சூசையைத் தவிர.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலின்போது அவன் அங்கே வலைக்குப் போயிருந்தான். கரை ஒதுங்கியவர்களுக்கெல்லாம் சாமி ஒவ்வொரு அடியாகத் துக்க மணி அடித்தார். சூசை ஒதுங்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டுப் போய்க் கேட்டேன். என் வீட்டுக்காரியால் அழவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை.

"உடல் வராம அடிக்க மாட்டேன்" என்றார்.

"எங்க அய்யாவுக்கு அவுக அடிக்கல. எம் மகனுக்கு நீங்க அடிக்கல. அவுகளுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் சாமி?"

"உலகச் சண்டையில என் தம்பி செத்துட்டான்னு தாக்கல் வந்துச்சு. எங்க ஊர்ல மணி அடிச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு வந்து நின்னான். அவன் பெண்டாட்டி இன்னொருத்தனக் கட்டியிருந்தா. வாசலோட திரும்பிப் போயிட்டான். அந்த மணிய அடிச்சவன் நான்தாம்லே."

எனக்கு அது போதவில்லை. அதற்குப் பின் அவரோடு நான் பேசவில்லை. பூசைக்குப் போவேன், கடைசியில் நிற்பேன். ஆனால் அன்று முதல், படகுகளைக் கரைக்குக் கூப்பிடும் அந்திமணியை அவர் கூடுதல் நேரம் அடித்ததைக் கவனித்தேன். படகெல்லாம் வந்து சேர்ந்த பிறகும் அடிப்பார். யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசவில்லை.

நெஞ்சு நோய் முற்றி மதுரைக்கு ரயிலேற்றிய அன்று, கூட்டத்தில் என்னைத் தேடிக் கூப்பிட்டார். "ஏலே மிக்கேலு, இனி கயிறு உன் பொறுப்பு" என்றார். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் போய்விட்டது. கயிற்றையும் தொடவில்லை; உபதேசியார்தான் அடித்துவந்தார்.

பழி தீர்க்கிறேன் என்கிறீர்கள். அட்டை வந்த அன்று நான் வேண்டாம் என்றது அந்தக் கோபத்தில்தான், மறைக்கவில்லை. உடல் வராமல் அடிக்க மாட்டேன் என்றவரின் உடல் நம் மண்ணுக்கு வரவில்லை. அவர் சட்டம் அவருக்கும்தான் என்று நினைத்தேன். ஆனால் அன்று அந்தியில் கோயிலுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். அவர் கை பட்டுப் பட்டு ஓரிடத்தில் மழமழவென்று இருந்தது. அந்த இடம் என் கைக்கும் சரியாக இருந்தது.

அவர் விட்டுப்போனதில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சாண் கயிறுதான். துக்க மணி அடிக்கச் சொல்லி இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம். தினமும் அந்திமணி அடிக்கிறேன். இப்போது இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருப்பதால் நேரம் கொஞ்சம் கூடுகிறது. காது வலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.